சாயம் கழுவிய தண்ணீர்

பழவேற்காடு ஏரிக்கு வந்த கேடுகளைப் பட்டியலிடுபவர்கள் முகத்துவாரம் தூர்ந்துபோவதைச் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பலை, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை, இறால் பண்ணைகளைச் சொல்வார்கள். பருத்தியைச் சொல்பவர் யாருமில்லை. ஆனால் தோணிரேவு முதலான மீனவர் ஊர்களின் கண்ணெதிரே விரிந்து கிடக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர் வாங்கியது மீனுக்காக அல்ல, சாயம் ஏற்றிய பருத்தித் துணிக்காக. இன்று பருத்தி ஆடை, தண்ணீரைக் குடித்துத் தண்ணீரைக் கெடுக்கும் தொழில்களின் வரிசையில் முன்னால் நிற்கிறது. திருப்பூரின் நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதற்கு வேறு சாட்சி வேண்டாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சாயத் துணி ஏற்றுமதி நடந்த கரையில் அந்தக் குற்றச்சாட்டு ஏன் எழவில்லை? அன்று போட்டது இயற்கைச் சாயம், இன்று போடுவது ரசாயனச் சாயம் என்ற விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது பாதி விடைதான். தண்ணீரைக் காப்பாற்றியது சாயத்தின் குணம் மட்டுமல்ல, வேலையின் மந்தமும் அருகாமையும் என்பது என் கட்சி. சாயம் போட்டவர் அந்தத் தண்ணீரின் கரையிலேயே குடியிருந்தார். அவரால் நினைத்த அளவுக்குச் சாயம் போடவும் முடியவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா பழவேற்காட்டை வண்ணத் துணிகளின் துறைமுகமாக எழுதிவைத்திருக்கிறார். அத்துணி மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போனது. டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் வேங்கடபதி தேவராயரிடம் 1610இல் அனுமதி பெற்று, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுவே தலைநகர். அவர்களுக்குத் தேவைப்பட்டது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த மொலுக்கஸ் தீவுகளில் வெள்ளியைவிடத் துணிக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் 1612இல் சோழமண்டலத்தை மொலுக்கஸின் இடக்கை என்று வர்ணித்தார். பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும், மூட்டைகளைப் படகுகள் முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நெசவு கோட்டைச் சுவருக்குள் நடக்கவில்லை. உள்நாட்டு ஊர்களில் வணிகர்கள் முன்பணம் கொடுத்து நெய்ய வைத்தார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்கட்' என்றே பெயர். நம் கடைகளில் அது 'பாளையக்காட்டு லுங்கி'.

இந்தத் துணி எப்படி நிறம் பெற்றது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. சிவப்புக்கு மூலம் சாயவேர், நாட்டு வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்லும் சிறு செடியின் வேர். கிளிஞ்சல் பொடிந்து கலந்த கடற்கரை மணலில் அது நன்றாக வரும். அந்தச் சுண்ணாம்புச் சத்து சிவப்பைத் தூக்கிக்காட்டும். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் இந்த வேலையைப் படிப்படியாக விவரிக்கிறது. கோடித் துணியை முதலில் பாதி வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயப்போட வேண்டும். பாலின் கொழுப்பு இருப்பதால்தான் எழுதும் கோடு பரவாமல் நிற்கும். கரித்தூளால் வடிவத்தைப் பதித்து, இரும்பும் புளிப்பும் சேர்ந்த கறுப்பால் கோடு இழுப்பார்கள்; ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் இன்றும் துருப்பிடித்த இரும்பைப் பனைவெல்லத்தில் ஊறவைத்தே இந்தக் கறுப்பை எடுக்கிறார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டி, சாயவேர் போட்டுக் கொதிக்கும் கொப்பரையில் துணியை இறக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கலைப் போக்க ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, நாள் கணக்கில் வெயிலில் விரித்து நீர் தெளிக்க வேண்டும். நீலம் வேண்டுமென்றால் மற்ற இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, நீலத் தொட்டி வைத்திருப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்; பிறகு மெழுகைக் கொதிநீரில் உருக்கியெடுத்து மீண்டும் ஒரு சுற்று. ஒரு நல்ல சீட்டித் துணி முடிய மாதக்கணக்காகும். சீட்டி எழுதுபவர்களின் வேகத்தை நத்தையின் வேகம் என்று பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர் டேனியல் ஹாவர்ட் சொன்னதில் கொஞ்சம் எரிச்சல் தொனிக்கிறது. கொள்முதல் செய்பவரின் எரிச்சல் அது.

இந்தப் பட்டியலில் ஆற்றுக்குப் போவது என்னென்ன? பால், கடுக்காய்த் துவர், சாணம், புழுக்கை, வேர்க் கழிவு, கொஞ்சம் படிகாரம், கொஞ்சம் இரும்பு. பெரும்பாலானவை மக்கிப்போகும். இதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிடலாம்; பலர் ஆக்கவும் செய்கிறார்கள். ஆனால் கொப்பரை கொதிக்க விறகு வேண்டும், வண்ணார் வெள்ளாவி வைக்க விறகு வேண்டும், உவர்மண் வேண்டும், ஆள்நடமாட்டம் இல்லாத வெளியும் நல்ல தண்ணீரும் வேண்டும். சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனி துணி வெளுக்க ஒரு பேட்டையையே ஒதுக்கியதன் மிச்சம்தான் இன்றைய வண்ணாரப்பேட்டை. நீலத் தொட்டியின் நாற்றத்தை யாரும் அருகில் விரும்பியதில்லை. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மனிதச் செலவு. 1620களிலும் 1640களிலும் பஞ்சம் வந்தபோது பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக டச்சுக் கப்பல்கள் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. துணி மூட்டை போன அதே வழி. ஆகவே அன்றைய பருத்தி வியாபாரம் ஆற்றுக்கு இதமாக இருந்தது என்று சொல்லும்போது, அது மனிதருக்கு இதமாக இருந்தது என்று அர்த்தம் கொள்ளக் கூடாது.

ஆற்றைக் கெடுக்காமல் வைத்தது எது? இயற்கைப் பொருள் என்பதாலேயே கெடுதல் இல்லை என்பது சரியான வாதமல்ல. தென்னை நார் மட்டையைக் காயலில் ஊறவைத்தாலே தண்ணீர் கறுத்து மீன் ஒதுங்குவதைக் கேரளத்துக் காயல்கரை மக்கள் அறிவார்கள். எந்தத் தாவரக் கழிவும் அளவு மீறினால் தண்ணீரில் உள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடும். சாயவேர் வேலை அளவு மீற முடியாததற்குக் காரணங்கள் வேறு. வேரை மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெயில் உள்ள மாதங்களில்தான் வெளுக்க முடியும். கை ஓடும் வேகத்துக்கு மேல் எழுத முடியாது. சாயக்காரர்கள் கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி பார்த்து வேலை செய்தவர்கள். கெட்ட தண்ணீரில் சிவப்பு ஏறாது, அதனால் தண்ணீரைக் கெடுத்தால் முதலில் கெடுவது அவர்கள் பிழைப்பு. கரையிலுள்ளவர்களே தண்ணீரைப் பயன்படுத்தினால் ஒரு வரம்பு தானாக உருவாகும் என்பதற்கு இந்த ஏரியிலேயே வேறொரு சாட்சி உண்டு. சில குப்பங்களில் நடக்கும் பாடு முறையில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை மீனவர்களே முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அந்த முறைக்குள் ஏரிக்கரையில் வாழும் எல்லாச் சாதியாருக்கும் இடமில்லை என்பது தனி வழக்கு. வரம்பு என்ற ஒன்றை அது வைத்திருக்கிறது என்பதே இங்கு எனக்கு வேண்டியது.

வரம்பு உடைந்தது ஜெர்மனியில். சாயவேரின் சிவப்புக்கு உயிரான அலிசரின் 1868இல் கிரேபெ, லீபர்மன் என்ற இருவரின் கையில் ஆய்வுக்கூடத்தில் உருவானது. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. இதைச் சுதேசித் தொழிலின் அழிவு என்று மட்டும் சொல்வது நம் வழக்கம். நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் இந்தியாவில் நீலச் சாயம் தரும் அவுரி பயிரான நிலம் 15 லட்சம் ஏக்கருக்கு மேல். அவ்வளவும் உணவு விளைந்திருக்கக்கூடிய மண். வங்காளத்தில் அவுரித் தோட்டக்காரர்கள் விவசாயிகளை எப்படி நடத்தினார்கள் என்பதும் தெரிந்த கதை. ஆய்வுக்கூடச் சாயம் அந்த நிலங்களை விடுவித்தது. இயற்கைச் சாயத்துக்கு உலகமே திரும்ப வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த ஏக்கர் கணக்குக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இப்போது உலகம் உடுத்தும் துணிக்கெல்லாம் வேரும் இலையும் தேடினால் காடும் வயலும் மிஞ்சாது.

செயற்கைச் சாயத்தின் குற்றம் அது செயற்கையானது என்பதில் இல்லை, வேகத்தையும் தூரத்தையும் அவிழ்த்துவிட்டதில்தான் இருக்கிறது. 1956இல் வந்த ரியாக்டிவ் சாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பின்னலாடைகளின் பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் அவற்றின் உபயம். பருத்தி இழையோடு அவை ஒட்ட உப்பு வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கு மேல் போடுவார்கள். வங்காள விரிகுடா பக்கத்திலேயே இருப்பதால் ஏரிக்கரை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதாவது பனியனுக்குச் சாயம் போட்ட தொட்டி கடலைவிட உப்பு. இழையில் ஒட்டாத சாயமும் அந்த உப்பும் சேர்ந்து கழுவுநீராக வெளியேறும். உப்பு ஏரியில் மீனும் நண்டும் வாழப் பழகியிருக்கின்றன. நொய்யல் கரையின் தென்னைக்கும் மஞ்சளுக்கும் அது நஞ்சு. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்தச் சாயம் போட்ட பனியனை உடுத்தியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் நிறம் வரவில்லை. ஒரே ஒரு தடவை, 1950களின் கடைசியில், அமெரிக்காவுக்குப் போன சென்னைக் கட்டத் துணி துவைத்த தண்ணீரில் சாயம் இறங்கிப் பெரிய புகாரானது. விற்றவர்கள் சாமர்த்தியசாலிகள், சாயம் இறங்குவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து அதையும் ஒரு நாகரிகமாக விற்றுவிட்டார்கள். சாயநீர் உடுத்தியவர் வீடு வரை போய்ச் சேர்ந்த அபூர்வ சம்பவம் அது.

சாயத்தை மட்டும் பேசி வயலை விட்டுவிட முடியாது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கால் கிலோ எடையுள்ள லுங்கிக்கு 2,500 லிட்டர். இந்தக் கணக்கில் மழைநீரும் சேர்ந்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுபவர்கள் அதிகமில்லை. இந்தியப் பருத்தி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. கரிசல் காட்டில் மழையை நம்பி விளைந்த கருங்கண்ணிப் பருத்தி எந்த ஆற்றையும் வற்றவைக்கவில்லை. கால்வாய் வெட்டி வளர்த்த பருத்தியின் கதை வேறு. அமு தாரியா, சிர் தாரியா நதிகளை 1960களில் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டபோது, உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடல் சுருங்கத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே மீன்பிடித் தொழில் முடிந்துபோனது. மொய்னாக் என்ற மீனவர் நகரத்திலிருந்து தண்ணீர் பல பத்துக் கிலோமீட்டர் விலகிப்போய், படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழவேற்காட்டு மீனவர்களுக்கு முகத்துவாரம் அடைபடும் கவலை எப்போதும் உண்டு. ஒரு ஏரியே சட்டைகளாக மாறி ஏற்றுமதியான கதையை அவர்கள் அறிந்திருப்பது நல்லது. பூச்சிமருந்தும் இதே வழக்கில் வரும். பி.டி. பருத்தி 2002இல் அனுமதி பெறுவதற்கு முன், நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 சதவீதம் உள்ள பருத்தி, மொத்தப் பூச்சிக்கொல்லியில் கிட்டத்தட்டப் பாதியைக் குடித்தது. நாட்டுப் பருத்தியை ஓரங்கட்டி அமெரிக்க இனங்களை ஏற்றியதன் விலை அது.

அப்படியானால் பருத்தியை விட்டுப் பாலியஸ்டருக்குப் போகலாமே, அதற்கு வயலும் வேண்டாம் பூச்சிமருந்தும் வேண்டாம் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, வலையில் இருக்கிறது. 1960கள் வரை நம் கரையில் வலை என்றால் பருத்தி நூல் வலை, சணல் வலை. உப்பு நீரில் பருத்தி அழுகும். அதனால் மரப்பட்டையோ புளியங்கொட்டைத் தோலோ ஊறிய துவர்நீரில் அடிக்கடி முக்கியெடுத்து, ஒவ்வொரு நாளும் கரையில் விரித்துக் காயவைக்க வேண்டும். நைலான் வந்ததும் இந்த வேலை முழுக்கப் போனது. மீனவருக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறைசொல்ல ஏரிக்கு வெளியே இருப்பவருக்கு உரிமையில்லை. ஆனால் அறுந்துபோன பருத்தி வலை சில மாதங்களில் மண்ணாகிவிடும்; அறுந்துபோன நைலான் வலை அடியில் கிடந்து ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடைக்கும் இதே கணக்குதான். பாலியஸ்டர் சட்டை துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கிறது. அவை மக்குவதில்லை, ஆற்றோடு போய்க் கடலில் சேருகின்றன. பருத்தி இழையும் உதிர்கிறது, மக்கிவிடுகிறது. பருத்தியின் கேடு செய்யும் இடத்தில் குவிகிறது, பாலியஸ்டரின் கேடு கடைசி இடத்தில் குவிகிறது. கடைசி இடம் பெரும்பாலும் முகத்துவாரம். அங்கே குடியிருப்பவர்கள் மீனவர்கள்.

உடுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு, அதை மேற்கத்திய ஆய்வுகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டின் ஆயுளில் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுவதில் போகிறது என்று பிரிட்டனில் கணக்கிட்டார்கள். வெந்நீரில் துவைத்து மின்சாரத்தில் உலர்த்தும் நாட்டுக்கு அது சரி. கையில் கசக்கிப் பிழிந்து கொடியில் போடும் வீட்டில் அந்தப் பங்கு மிகச் சிறிது. நம் துணியின் கேடு ஏறக்குறைய முழுவதும் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே நம் கையில் உள்ள வழி குறைவாகத் துவைப்பது அல்ல, ஒரு துணியை அதிக நாள் உடுத்துவது. ஏரிக்கரைக் குப்பங்களில் லுங்கியோ சேலையோ கட்டியவர் கையில் ஒருமுறை தேய்ந்து, தொட்டில் துணியாகி, கரித்துணியாகி, கடைசியில் திரியாகி எரியும்வரை ஓடும். வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம் இது, இதைப் போற்றிப் பாடுவது அநியாயம். ஆனாலும் 2,500 லிட்டரைப் பத்தாண்டில் செலவழிப்பதற்கும் ஆறு மாதத்தில் செலவழிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்தக் கேட்டைத் தடுக்க நமக்குத் தெரியாத தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. திருப்பூரில் 2011க்குப் பிறகு இயங்க அனுமதி பெற்ற பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கின்றன. அதற்குச் செலவு அதிகம். ஒரு மீட்டர் துணியில் அந்தச் செலவு எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை, தெரியாததால் அதை மிச்சம்பிடிக்கும் பட்டறையே போட்டியில் ஜெயிக்கிறது. கேடு ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நகர்ந்துவிட்டதென்று புகார் எழுவதும் அதனால்தான். பாளையக்காட்டு லுங்கி இன்று பெரும்பாலும் குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் ஈரோட்டிலும் தயாராகிறது. அதன் ஓரத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, நீளம் இருக்கிறது, நூலின் ரகம் இருக்கிறது, சில சமயம் கைத்தறி முத்திரையும் இருக்கிறது. எந்த ஊரில் சாயம் போட்டார்கள், கழுவிய தண்ணீர் எங்கே போனது என்ற இரண்டு வரி மட்டும் இல்லை. அவற்றையும் அச்சிட வேண்டும் என்று அரசு ஒரு விதி கொண்டுவர வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.